பெட்டியில் 350 வாட், கதவில் எத்தனை வாட்?

விழுப்புரம் போகும் வழியில், திண்டிவனம் தாண்டிய பிறகு எங்கேயோ, காரின் வலது பக்க ட்வீட்டர், அதாவது மேல் ஸ்தாயிச் சத்தத்தைப் போடுகிற சின்ன ஸ்பீக்கர், போய்விட்டது. போன நேரத்தில் எனக்குத் தெரியவில்லை. நாதஸ்வரக் கச்சேரி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தவிலின் தொப்பியில் (இடது முகத்தில்) குச்சி விழும் 'தொம்' இரண்டு பக்கமும் வந்தது. வலந்தலையில் (வலது முகத்தில்) கூடு மாட்டிய விரல்கள் படுகிற அந்தச் சுள்ளென்ற சத்தம் மட்டும் இடது பக்கமாக ஒதுங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பாதான் முதலில் கவனித்தார். "உன் பக்கம் ட்வீட்டர் போயிடுச்சுடா. சத்தத்தைக் குறை, இன்னொண்ணும் போயிடப் போகுது" என்றார்.

சித்தப்பா முப்பது வருஷம் மைக் செட் வைத்திருந்தவர். திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று விழுப்புரத்தைச் சுற்றியிருக்கும் ஊர்களில் குழாய் ஸ்பீக்கர் கட்டாத மரம் அவருக்குக் கிடையாது. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. ஸ்பீக்கர் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. அதன் பெட்டியில் 350 வாட் என்று போட்டிருந்தது. என் ஸ்டீரியோவின் பெட்டியில் 50 வாட் × 4. ஐம்பது வாட் கொடுக்கிற ஒன்று முந்நூற்றைம்பது வாட் தாங்குகிற ஒன்றை எப்படி எரிக்கும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியதும், அந்தப் பதிலை வைத்து காரில் செய்த வேலையும்தான் இந்தப் பதிவு. கார் 2014 ஸ்விஃப்ட். முன் கதவுகளில் ஆறரை இஞ்ச் காம்பொனென்ட் செட்: கதவில் கீழ் ஸ்தாயிக்கு வூஃபர், கண்ணாடியை ஒட்டிய முக்கோண மூடியில் ட்வீட்டர். ஸ்டீரியோ காரோடு வராமல் வெளியே வாங்கிப் போட்ட சாதாரண ஆஃப்டர்மார்க்கெட். தனியாக ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) எதுவும் கிடையாது.

விழுப்புரம் போனதும் சித்தப்பா வீட்டு வாசலிலேயே மூடியைக் கழற்றினோம். ட்வீட்டர் ஒயரைப் பிரித்து மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்தேன். இடது பக்கம் 3.4 காட்டியது. நாலு ஓம் ஸ்பீக்கருக்கு மீட்டரில் 3.2 முதல் 3.6 வரை காட்டுவது வழக்கம். மீட்டர் அளப்பது டிசி ரெசிஸ்டன்ஸை, பெட்டியில் இருப்பது இம்பீடன்ஸ் (பாட்டு ஓடும்போது ஏசிக்கு இருக்கும் தடை), அதனால் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். வலது பக்கம் வைத்தால் ஓரத்தில் ஒற்றை '1' மட்டும் நின்றது. சர்க்யூட் ஓப்பன். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், அறுந்துவிட்டது.

வூஃபர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க சித்தப்பா டார்ச் லைட்டிலிருந்து ஒரு 1.5 வோல்ட் செல்லை எடுத்து ஒரு நொடி தொட்டார். 'டொக்' என்று கோன் வெளியே வந்தது. அது நல்லபடியாக இருக்கிறது, பிளஸ் மைனஸும் சரியாக இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. இந்தச் சோதனையை ட்வீட்டரில் செய்யாதீர்கள். அதன் காயில் டிசியைத் தாங்காது.

செத்த ட்வீட்டரை பிளேடால் பிளந்து பார்த்தோம். பட்டுத் துணி டோமுக்குக் கீழே தலைமுடி அளவுக் கம்பி நாலைந்து மில்லிமீட்டர் உயரத்துக்குச் சுற்றியிருந்தது. செம்பு நிறத்தில் இருக்க வேண்டிய சுற்று ஒரு பக்கம் காப்பிக் கொட்டை நிறத்துக்கு மாறியிருந்தது. அந்த இடத்தில்தான் அறுந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன்: வார்னிஷ் கருகிய நாற்றம். சூட்டில் செத்திருக்கிறது, அடிபட்டு அல்ல.

"உன் செட்டுல 50 வாட்டுன்னு போட்டிருக்கே, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர்?" என்று சித்தப்பா கேட்டார். ஸ்டீரியோவின் பின்னால் இருக்கிற பிளேடு ஃபியூஸ் 10 ஆம்பியர். அவர் மனக்கணக்காகப் போட்டார். இன்ஜின் ஓடும்போது கார் மின்சாரம் அதிகபட்சம் 14.4 வோல்ட். பத்து ஆம்பியர் என்றால் உள்ளே போவது 144 வாட். வெளியே 50 × 4, அதாவது 200 வாட் எப்படி வரும்?

வராது. பெட்டியை விட்டுவிட்டு கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். பொடி எழுத்தில் 22 வாட் × 4 என்று இருந்தது, தொடர்ச்சியாகக் கொடுக்கும் பவர், 5 சதவீத டிஸ்டார்ஷனில் (அலைச் சிதைவில்). நாலு சேனலும் சேர்த்து 88 வாட். ஸ்டீரியோவுக்குள் இருக்கிற இந்த வகை ஆம்ப் ஐசி (சிப்) உள்ளே வாங்குவதில் சுமார் 60 சதவீதத்தைத்தான் வெளியே தரும். மீதி ஹீட் சிங்க்கில் சூடாகப் போய்விடும். 88 வாட் வர சுமார் 147 வாட் உள்ளே போக வேண்டும். பத்து ஆம்பியர் ஃபியூஸுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. கையேடு உண்மையைச் சொல்லியிருக்கிறது.

அப்போ அந்த 50 எங்கிருந்து வந்தது? அதுவும் பொய்யில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஸ்டீரியோ ஸ்பீக்கரின் இரண்டு ஒயரையும் எதிரெதிராகத் தள்ளி இழுக்கும். அதனால் ஸ்பீக்கருக்குக் கிடைக்கக்கூடிய உச்ச வோல்டேஜ் கார் மின்சாரத்தின் அளவுதான், 14.4. ஒழுங்கான சைன் அலை 14.4 வரை ஏறி இறங்கினால் அதன் ஆர்எம்எஸ் (அதே சூட்டைத் தரும் டிசிக்குச் சமமான அளவு) 10.2 வோல்ட். வோல்டேஜை வோல்டேஜால் பெருக்கி ஓம்ஸால் வகுத்தால் வாட்: 10.2 × 10.2 ÷ 4 = 26. ட்ரான்சிஸ்டர்களில் இழப்பது போக 22. இதுதான் சுத்தமான கணக்கு. வால்யூமை முழுக்க ஏற்றி, அலையின் தலை சப்பையாகி, சதுர அலையாகவே மாறிவிட்டால்? 14.4 × 14.4 ÷ 4 = 51.8. அதுதான் பெட்டியின் 50 வாட். கார் ஸ்டீரியோக்களில் பரவலாக வந்த டிடிஏ 7388 ஐசியின் டேட்டாஷீட்டிலும் இதே கதைதான். முதல் பக்கத்தில் அதிகபட்சம் 45 வாட் × 4. அதற்குக் கீழேயே 14.4 வோல்ட், 10 சதவீத டிஸ்டார்ஷனில் 26 வாட் × 4. ஆக, பெட்டியில் இருக்கும் 50 என்பது பாட்டு முழுசாகச் சிதைந்த நிலையில் வருகிற பவர்.

ஸ்பீக்கர் பக்கத்துக்கு வருவோம். 350 வாட் பெட்டிக்குள்ளே இருந்த தாளில் ஆர்எம்எஸ் 60 வாட் என்று இருந்தது. ஸ்பீக்கருக்கு ஐஇசி 60268-5 என்று ஒரு சோதனைத் தரம் உண்டு. அதில் ஒரே ஸ்பீக்கருக்குப் பல பவர் எண்கள் வரும். இரைச்சல் சிக்னலை 100 மணி நேரம் தொடர்ந்து கொடுத்துத் தாங்கினால் ஒரு எண். ஒரு நிமிஷம் கொடுத்து இரண்டு நிமிஷம் ஓய்வு விட்டால் அதைவிடப் பெரிய எண். ஒரு நொடி கொடுத்து ஒரு நிமிஷம் ஆறவிட்டால் இன்னும் பெரிய எண். வெயிலில் ஒரு நொடி கையை நீட்டுவதும் ஒரு நாள் முழுக்க நிற்பதும் ஒன்றா? எந்தச் சோதனை என்று சொல்லாமல் எண்ணை மட்டும் போட்டால் அது எதுவாகவும் இருக்கலாம். தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டரில் 1000 வாட் பிஎம்பிஓ (பீக் மியூசிக் பவர் அவுட்புட்) என்று ஸ்டிக்கர் ஒட்டி வரும். அதற்கு ஒரு வரையறையே கிடையாது. அந்த ஸ்டிக்கரின் வாரிசுதான் இன்றைய பெட்டிகளில் வரும் 'மேக்ஸ்' வாட்.

ஆர்எம்எஸ் வாட் என்ற பெயரே தப்பு என்று சிலர் சொல்வார்கள். ஆர்எம்எஸ் என்பது வோல்டேஜுக்கு எடுப்பது; அதை வைத்துக் கணக்கிட்ட வாட் வெறும் சராசரிதான். அவர்கள் சொல்வது சரி. ஆனால் கடையில் அந்தப் பெயரைத்தான் கேட்க வேண்டும்.

60 வாட் என்பது ஸ்பீக்கர் தருகிற சத்தத்தின் அளவு அல்ல, அது கருகாமல் தாங்குகிற சூட்டின் அளவு. இதை நான் நெடுநாள் தப்பாகவே நினைத்திருந்தேன். என் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, அதாவது கொடுத்த பவருக்கு எவ்வளவு சத்தம் போடும் என்ற அளவு, ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 90 டெசிபல். இதைத் திறனாக மாற்றினால் 0.6 சதவீதம். அறுபது வாட் கொடுத்தால் சத்தமாக மாறுவது அரை வாட்டுக்கும் குறைவு. மீதி ஐம்பத்தொன்பதரை வாட்டும் செம்புக் கம்பியில் சூடு. என் மேஜையில் 25 வாட் சால்டரிங் அயர்ன் இருக்கிறது. ஈயத்தை நொடியில் உருக்கும். அதைப்போல இரண்டு மடங்குக்கு மேலான சூட்டை ஒரு விரல் தடிமன் காயில் தாங்குகிறது என்று யோசித்தால் 350 எவ்வளவு பெரிய வார்த்தை என்று புரியும். ட்வீட்டர் காயிலுக்கு அதில் சிறு பங்குகூடத் தாங்காது. செட்டுக்கு 60 வாட் என்று போடுவது, பாட்டின் பவரில் பெரும்பகுதி பேஸிலும் நடுப்பகுதியிலும் இருக்கும், ஸ்தாயி பார்த்துப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் அதை ட்வீட்டருக்கு விடாது என்ற நம்பிக்கையில்தான்.

சென்சிடிவிட்டி என்றதும் சித்தப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நாங்க 40 வாட் ஆம்ப்ளியில ரெண்டு குழாய் கட்டுவோம், அடுத்த ஊருக்குக் கேட்கும்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல யூனிட் மாட்டிய குழாய் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு 108 டெசிபல் வரை போடும். என் கதவு ஸ்பீக்கரைவிட 18 டெசிபல் அதிகம். மூன்று டெசிபலுக்கு ஒருமுறை பவர் இரட்டிப்பாக வேண்டும். பதினெட்டுக்கு ஆறு தடவை இரட்டிக்க வேண்டும், 64 மடங்கு. கதவு ஸ்பீக்கர் தன் அறுபது வாட்டையும் வாங்கிக்கொண்டு போடுகிற சத்தத்தை குழாய் ஒரே வாட்டில் போட்டுவிடும். பேஸ் இருக்காது, அது வேறு விஷயம்.

அதனால் ஸ்பீக்கர் வாங்கும்போது வாட்டுக்கு முன்னால் சென்சிடிவிட்டியைப் பாருங்கள். 87 டெசிபல் ஸ்பீக்கரை 90 டெசிபல் ஸ்பீக்கர் அளவுக்குக் கத்தவைக்க ஆம்ப் இரண்டு மடங்கு வேண்டும். இதிலும் ஒரு சின்னக் குறும்பு உண்டு. சில பெட்டிகளில் 'ஒரு வாட்' என்பதற்குப் பதில் '2.83 வோல்ட்' என்று இருக்கும். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் ஒரு வாட்தான். கார் ஸ்பீக்கர் நாலு ஓம். அதற்கு அது இரண்டு வாட். அந்த வகையில் 93 என்று போட்ட நாலு ஓம் ஸ்பீக்கரும் ஒரு வாட்டில் 90 என்று போட்ட ஸ்பீக்கரும் ஒன்றே.

சரி, 22 வாட் எப்படி எரித்தது? கடையில் கேட்டால் "பவர் பத்தலை சார், அதான் எரிஞ்சிடுச்சு" என்பார்கள். இந்த வாக்கியம் பாதிதான் உண்மை. பவர் பற்றாமல் எந்த ஸ்பீக்கரும் எரியாது. ஐந்து வாட் ஆம்பில் அளவோடு கேட்டால் வாழ்நாள் முழுக்க ஓடும். பற்றாதபோது நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் சேதம்.

சென்னை திரும்பியதும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி நானே சால்டர் செய்து வைத்திருந்த சின்ன ஆசிலோஸ்கோப் (அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) கிட்டை எடுத்தேன். ஸ்டீரியோவில் 300 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓடவிட்டு ஸ்பீக்கர் ஒயரில் மாட்டினேன். (ஸ்கோப் 9 வோல்ட் பேட்டரியில் ஓடியது. கார் ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் மைனஸ் கிரவுண்ட் கிடையாது. காரிலிருந்தே பவர் எடுக்கிற ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை அதில் மாட்டினால் ஐசி போய்விடும்.) வால்யூம் மொத்தம் 40. இருபதில் அழகான உருண்டை அலை. இருபத்தாறிலும் அப்படியே. 28-இல் அலையின் தலையை யாரோ கத்தரிக்கோலால் நறுக்கின மாதிரி ஒரு சின்னத் தட்டை வந்தது. இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் அது மறைந்தது, 12.4 வோல்ட் 14 ஆனதால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்தது. முப்பதில் திரும்ப வந்துவிட்டது. முப்பத்தைந்தில் அலையே இல்லை, செங்கல் அடுக்கினது போல இருந்தது. நெடுஞ்சாலையில் டயர் சத்தத்துக்கு மேல் கேட்க நான் வைத்திருந்தது 35. அதற்கும் மேல் ட்ரெபிளை ஏற்றியிருந்தேன், பேஸையும் ட்ரெபிளையும் கூட்டுகிற லவுட்னஸும் போட்டிருந்தேன்.

இப்போது புரிந்தது. தவிலின் தொப்பி அடி 30-இலேயே உச்சியைத் தொட்டுவிடுகிறது, அதற்கு மேல் அது ஏறாது. ஆனால் அடிகளுக்கு நடுவே இருக்கிற நாதஸ்வரமும் தாளமும் உச்சியைத் தொடவில்லை. வால்யூமை ஏற்ற ஏற்ற அவை ஏறிக்கொண்டே போகும். பேஸ் நின்ற இடத்தில் நிற்க, ட்ரெபிளின் சராசரி மட்டும் உயர்கிறது. நறுக்கின அலை புதிதாக உண்டாக்கும் மேல் அதிர்வெண்களும் ட்வீட்டருக்கே போய்ச் சேரும். அதோடு ட்ரெபிளில் 6 டெசிபல் ஏற்றினால் ட்வீட்டருக்குப் போவது நாலு மடங்கு. ஒரு மணி நேர நெடுஞ்சாலைப் பயணம் தலைமுடிக் கம்பிக்குப் போதாதா?

வால்யூமை 27-இல் நிறுத்தியிருந்தாலே ட்வீட்டர் பிழைத்திருக்கும். இதைச் சொல்லாமல் ஆம்ப் வாங்கு என்று சொல்வது நியாயமில்லை. நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு 22 வாட் தாராளம். எனக்கு ஆம்ப் தேவைப்பட்டது சத்தத்துக்காக அல்ல. கச்சேரிப் பதிவுகளில் சராசரிக்கும் உச்சத்துக்கும் 12 முதல் 15 டெசிபல் வித்தியாசம் இருக்கும். சராசரி 2 வாட்டில் ஓடுகிற பாட்டு, தவில் அடி விழும் நொடியில் 16 மடங்கு, அதாவது 32 வாட் கேட்கும். 22 வாட்டில் அந்த அடி நசுங்கிவிடும். 75 வாட்டில் முழுசாக வரும். 22-லிருந்து 75-க்குப் போனால் கூடுவது வெறும் 5 டெசிபல்தான், கணக்குக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அந்த ஐந்தும் அடி விழும் நொடிக்கானது.

60 வாட் ஸ்பீக்கருக்கு 75 வாட் ஆம்ப் அதிகமில்லையா? இல்லை. ஆம்ப் பவரைத் தள்ளாது. கேட்டால் தரும், அவ்வளவுதான். ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ்ஸுக்குச் சமமாகவோ ஒன்றரை மடங்கு வரையோ ஆம்ப் இருந்தால், அதன் கெயினை (அதைப் பற்றிக் கீழே) ஒழுங்காக வைத்தால், பயமில்லை என்பது என் முடிவு. ஸ்பீக்கரைவிடச் சின்ன ஆம்பை முறுக்குவதுதான் எனக்குப் பயம்.

சென்னை ஜிபி ரோடில் ஒரு கடையில் முதலில் காட்டியது '2000 வாட்' நாலு சேனல் ஆம்ப். விலை மலிவு. திருப்பி ஃபியூஸைப் பார்த்தேன்: 15 ஆம்பியரில் இரண்டு. சித்தப்பா கணக்கு: 30 × 14.4 = 432 வாட் உள்ளே, 60 சதவீதம் என்றால் 260 வாட் வெளியே. நாலு சேனலுக்குப் பங்கிட்டால் 65. கையேட்டைக் கேட்டேன், அதில் ஆர்எம்எஸ் எண்ணே இல்லை. 65 வாட் வந்தாலும் அது எத்தனை ஓம்ஸில், எத்தனை டிஸ்டார்ஷனில் என்று தெரியாமல் என்ன செய்வது? வைத்துவிட்டேன்.

வாங்கியதன் அட்டையில் சிஇஏ-2006 முத்திரை இருந்தது. இது அமெரிக்காவில் 2003-இல் வந்த தரம். இப்போது சிடிஏ-2006 என்கிறார்கள். 14.4 வோல்ட்டில், 4 ஓம் லோடில், டிஸ்டார்ஷனும் இரைச்சலும் சேர்ந்து 1 சதவீதத்துக்கு மேல் போகாமல் அளந்த பவரைத்தான் அதில் போட வேண்டும். என் ஆம்ப்: 4 ஓம்ஸில் 75 × 4, 2 ஓம்ஸில் 100 × 4, பிரிட்ஜ் செய்தால் (இரண்டு சேனலை ஒன்றாகச் சேர்த்தால்) 4 ஓம்ஸில் 200 × 2. ஃபியூஸ் 25 ஆம்பியரில் இரண்டு. 50 × 14.4 × 0.6 = 432. நானூறு வாட் என்று சொல்கிறது, ஃபியூஸும் ஆமாம் என்கிறது. இது கிளாஸ் ஏபி ஆம்புக்கான கணக்கு. கிளாஸ் டி என்றால் 0.6-க்குப் பதில் 0.8 போடுங்கள்.

முன் இரண்டு சேனலில் காம்பொனென்ட் செட், பின் இரண்டையும் பிரிட்ஜ் செய்து மச்சான் வீட்டில் சும்மா கிடந்த பத்து இஞ்ச் சப்வூஃபர் என்று முடிவு செய்தேன். ட்வீட்டர் ஜோடியாகவே புதிது போட்டேன். பழசும் புதிதும் கலந்தால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாது.

இந்த சப்பில்தான் ஒரு வாக்குவாதம். அதில் இரண்டு காயில், ஒவ்வொன்றும் 2 ஓம், மீட்டரில் 1.8 காட்டியது. "பேரலலா போடுங்க மாமா, ஓம்ஸ் குறையும், பவர் கூடும்" என்றான் மச்சான். ஓம்ஸ் குறைந்தால் கரண்ட் கூடும் என்பது சரிதான், ஆனால் ஆம்ப் அந்தக் கரண்டைத் தாங்க வேண்டுமே. பேரலலில் மொத்தம் 1 ஓம். பிரிட்ஜ் செய்த ஆம்பில் ஒவ்வொரு சேனலுக்கும் லோடு பாதியாகத் தெரியும், அரை ஓம். என் ஆம்ப் ஒரு சேனலுக்கு 2 ஓம் வரைதான். சீரிஸில் போட்டால் மொத்தம் 4 ஓம், சேனலுக்கு 2. சப்பின் ஆர்எம்எஸ் 200, ஆம்ப் தருவது 200. காகிதத்தில் வரைந்து காட்டினேன்: முதல் காயிலின் மைனஸை இரண்டாவதின் பிளஸில் கட்டு, மீதி இரண்டு முனையும் ஆம்புக்கு. ஒத்துக்கொண்டான்.

ஒயரில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். கடையில் 'ஆம்ப் கிட்' என்று தருகிற சிவப்பு ஒயரை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு, உள்ளே வெள்ளையாக மின்னினால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். செம்பைவிட ரெசிஸ்டன்ஸ் ஒன்றரை மடங்கு. நான் ஹார்டுவேர் கடையில் 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வெல்டிங் கேபிள் ஐந்து மீட்டர் வாங்கினேன். தடிமனாக இருந்தாலும் நன்றாக வளையும். 40 ஆம்பியர் போனாலும் அதில் இழப்பது 0.14 வோல்ட்தான். ஆனால் அதன் ரப்பர் உறை பானட் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் செய்ததல்ல, அதனால் டிக்கி வரை முழுக்க ஸ்லீவ் போட்டேன். பேட்டரியிலிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ். இது ஆம்பைக் காக்க அல்ல, ஒயர் எங்காவது உரசி பாடியில் தொட்டால் கார் தீப்பிடிக்காமல் இருக்க. தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள். கிரவுண்டுக்கு டிக்கியில் ஒரு போல்ட் அடியில் பெயின்ட்டை வெள்ளையாகும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். கடற்கரை ஊர், துரு சும்மா விடாது.

கெயின் வைப்பதுதான் இந்த வேலையின் உயிர். அந்தத் திருகு வால்யூம் அல்ல. ஸ்டீரியோ அனுப்புகிற எத்தனை வோல்ட்டுக்கு ஆம்ப் தன் முழு பவரைத் தர வேண்டும் என்று சொல்லும் திருகு. கடைக்காரர்கள் காதால் வைப்பார்கள், பெரும்பாலும் முழுசாகத் திருப்பிவிடுவார்கள். நான் வைத்த விதம் இது. ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றினேன். ஈக்வலைசர், லவுட்னஸ், பேஸ் பூஸ்ட் எல்லாம் ஆஃப். இன்ஜினை ஓடவிட்டேன், திறந்த வெளியில். ஸ்டீரியோ வால்யூம் 32; முன்பு முப்பதில் நசுங்கியது ஸ்டீரியோவின் உள் ஆம்ப், வெளி ஆம்புக்குப் போகிற சிக்னல் அதன் வழியாகப் போவதில்லை. முன் சேனலுக்கு 300 ஹெர்ட்ஸ், முழு அளவில் பதிவான சைன் அலை. எல்லாரும் 1000 ஹெர்ட்ஸ் சொல்வார்கள், ஆனால் என்னிடம் இருப்பது போன்ற மலிவு மல்டிமீட்டர் ஏசியை 400 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பிக்கையாகக் காட்டும். எத்தனை வோல்ட் வேண்டும்? வாட்டை ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம். 60 × 4 = 240, அதன் வர்க்கமூலம் 15.5. மீட்டரை ஏசி 200 வோல்ட்டில் வைத்து, கெயினை மெல்லத் திருப்பி 15.5 வந்ததும் நிறுத்தினேன். திருகு கால்வாசிகூடப் போகவில்லை. சப்புக்கு 50 ஹெர்ட்ஸ் அலை; 200 × 4 = 800, வர்க்கமூலம் 28.3. ஸ்கோப்பிலும் பார்த்தேன், இரண்டு அலையும் உருண்டையாகவே இருந்தன.

பிறகு முன் சேனலில் ஹை பாஸ் ஃபில்டர் 80 ஹெர்ட்ஸ் (அதற்குக் கீழே இருப்பதைத் தடுக்கும்), சப்பில் லோ பாஸ் 80 (அதற்கு மேலே இருப்பதைத் தடுக்கும்). ஒரு ஆக்டேவ் கீழே போனால் அதே சத்தத்துக்குக் கோன் நாலு மடங்கு தூரம் ஓட வேண்டும். ஆறரை இஞ்ச் ஸ்பீக்கரை 40 ஹெர்ட்ஸுக்கு ஓடவிடுவது, சூடு இல்லாமலேயே அதைக் கிழிக்கிற வழி. ஸ்பீக்கரின் வாட் எண் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

முதல் நாள் ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடவே 'ஙீ' என்று ஒரு சத்தம் ஏறியது. ஆல்டர்னேட்டர் விசில். ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் கொண்டுபோகும் ஆர்சிஏ ஒயரை பவர் கேபிளுக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோயிருந்ததால் அதைச் சந்தேகிக்கவில்லை. கிரவுண்ட் போல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கியதும் போய்விட்டது.

எல்லாம் முடிந்த பிறகு, நான் வழக்கமாகக் கேட்கும் அளவில் அதே நாதஸ்வரப் பதிவை ஓடவிட்டு ஸ்பீக்கர் முனையில் அளந்தேன். மல்டிமீட்டரில் சராசரி சுமார் 3.5 வோல்ட் ஆடிக்கொண்டிருந்தது, அதாவது 3 வாட். ஸ்கோப்பில் தவில் அடிகள் 18 வோல்ட் உச்சத்தைத் தொட்டன, முன்பு போட்ட அதே சைன் அலைக் கணக்கில் சுமார் 40 வாட். பழைய ஸ்டீரியோவால் 14 வோல்ட்டைத் தாண்டவே முடியாது. மூன்று வாட் பாட்டுக்கு 40 வாட் ஆம்ப் வேண்டியிருந்திருக்கிறது.

போன மாதம் திரும்ப விழுப்புரம் போனோம். திண்டிவனம் தாண்டியதும் சித்தப்பா தானாகவே அந்தப் பதிவைப் போடச் சொன்னார். தனியாவர்த்தனம் முடியும் வரை பேசவில்லை. வீட்டில் இறங்கியதும் டிக்கியைத் திறந்து ஆம்ப் மேல் கையை வைத்தார். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. "அந்த மீட்டரை எடுத்துக்கிட்டு வா, பரண்ல என் பழைய ஆம்ப்ளி ஒண்ணு இருக்கு, அது எத்தனை வாட்டுன்னு பார்த்துடலாம்" என்றார்.